தோற்கும் பக்கத்தையும் அச்சிடுங்கள்: சிறார் கதை நூல்களைப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக நாட்டார் கதைகளைத் தமிழில் தொகுத்தும் மொழிபெயர்த்தும் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

கானாவின் சிலந்தி, மலாய் நாட்டின் சருகுமான், வட அமெரிக்காவின் கொயோட்டி, ஜப்பானின் முயல் என்று எத்தனையோ தந்திர விலங்குகள் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதற்கு நீங்கள்தான் காரணம். நாட்டார் கதைகளை மொழிபெயர்ப்பதையும் சொல்வதையும் வேலையாகக் கொண்ட எங்களுக்கு அதில் மனமார்ந்த மகிழ்ச்சி உண்டு. ஆனால் இந்த விலங்குகள் பெரும்பாலும் பாதி உடம்போடுதான் வருகின்றன. அவை ஜெயிக்கிற கதை வருகிறது, மூக்குடைபடுகிற கதை வருவதில்லை. கடைசி வரியில் 'நீதி: உடல் பலத்தைவிட அறிவே சிறந்தது' என்று ஒரு கட்டம் வேறு. அந்த மறுபாதியையும் அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதை எப்படிச் செய்யலாம், எங்கே பிசகுகிறது என்பதையும் கூடவே எழுதுகிறோம்.

தந்திர விலங்கு என்பது 'புத்திசாலி விலங்கு' என்பதன் இன்னொரு பெயர் அல்ல. அதற்கு எப்போதும் பசி. அந்தப் பசிதான் அதைத் தந்திரம் செய்யவைக்கிறது, அதே பசிதான் அதைக் குழியிலும் தள்ளுகிறது. நம் பாட்டி வடை சுட்ட கதையையே பாருங்கள். வடையை முதலில் திருடியது காகம். திருடியதைத் திருடிப் போனது நரி. வடை போனவள் பாட்டி. இதில் யார் நல்லவர், யாரிடமிருந்து என்ன கற்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. காகம் வாயைத் திறக்கிற அந்த நொடிக்காகத்தான் காத்திருக்கிறது, திறந்ததும் சிரிக்கிறது. கதை அங்கேயே முழுமையாகிவிட்டது.

கானாவின் அகான் மக்கள் தங்கள் கதைகளுக்கே 'அனான்செசெம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலந்தியின் கதைகள் என்று பொருள். சிலந்தி வராத கதையும் அந்தப் பெயரில்தான் வழங்குகிறது. ஆர். எஸ். ராட்ரே என்ற மானுடவியலாளர் அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தியரின் ஊர்களில் கேட்டு எழுதி, மூல மொழியோடு சேர்த்து 1930-இல் அச்சிட்ட கதைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, வானக் கடவுளிடமிருந்து குவாக்கு அனான்சே கதைகளை விலைக்கு வாங்கியது. மலைப்பாம்பு, குளவிக் கூட்டம், சிறுத்தை, காட்டுக் குட்டித்தேவதை இவற்றைப் பிடித்துக் கொடுத்தால் கதைகள் எல்லாம் உனக்கு என்கிறார் கடவுள். அவன் பிடித்துக் கொடுக்கிறான். இரண்டாவது, உலகத்து அறிவையெல்லாம் ஒரே குடுக்கையில் அடைத்துத் தனக்கென்று மரத்தின் உச்சியில் ஒளித்துவைக்கப் போனது. குடுக்கையை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு ஏறுகிறான். கையும் காலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கமுடியாமல் குடுக்கை தடுக்கிறது. கீழே நின்ற மகன் இன்டிகுமா, 'அப்பா, முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே' என்கிறான். அறிவு முழுவதும் தன்னிடம் என்று நினைத்தவனுக்குச் சின்னப் பையன் சொல்லிக்கொடுக்கிறான். கோபத்தில் குடுக்கை கைநழுவி விழுந்து உடைகிறது. ஊரார் ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொள்கிறார்கள்.

முதல் கதை இல்லாமல் இரண்டாவதைப் போட்டால் அனான்சே வெறும் முட்டாள். இரண்டாவது இல்லாமல் முதலைப் போட்டால் அவன் ஒரு வீரன். இரண்டையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்தால்தான் அகான் பிள்ளைகள் அறிந்த அனான்சே வருவான். இரண்டு போட இடமில்லை, ஒன்றுதான் போடமுடியும் என்றால், எங்கள் யோசனை குடுக்கைக் கதை. அவன் அறிவும் அறியாமையும் ஒன்றாக இருப்பது அதில்தான்.

இனி தந்திரத்துக்கு வருவோம். எடிட்டிங்கில் அதிகமாகச் சேதமாவது இதுதான். ஒவ்வொரு தந்திரமும் ஒரு பொறி போல. அதற்குச் சில பாகங்கள் உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றினாலும் பொறி வேலை செய்யாது, கதை மாயமந்திரமாகிவிடும். குளவிகளைப் பிடிக்கிற இடத்தில் நான்கு பாகங்கள் இருக்கின்றன: சுரைக்குடுக்கை, அதில் நிறையத் தண்ணீர், தலைக்கு ஒரு வாழை இலை, மழை என்ற பொய். அனான்சே தண்ணீரில் கொஞ்சத்தைக் கூட்டின் மேல் தெளிக்கிறான், மிச்சத்தைத் தன் மேலேயே ஊற்றிக்கொள்கிறான். இலையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, 'மழை வந்துவிட்டது, என் குடுக்கைக்குள் ஒதுங்குங்கள்' என்கிறான். கடைசிக் குளவி நுழைந்ததும் வாயை அடைக்கிறான். தன் மேல் ஊற்றிக்கொள்கிற வரி தேவையில்லாதது போலத் தோன்றும், முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஆனால் அதில் இரண்டு வேலை நடக்கிறது. அவன் நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் குளவிகள் மழையை நம்புகின்றன. தண்ணீர் முழுவதும் தீர்ந்தால்தான் குடுக்கை காலியாகி, குளவிகள் நுழைய இடம் உண்டாகிறது. இது இல்லாமல் 'அனான்சே தந்திரமாகக் குளவிகளைக் குடுக்கைக்குள் வரவைத்தான்' என்று எழுதினால், பிள்ளைக்கு ஒரு முடிவு கிடைக்கும், தந்திரம் கிடைக்காது.

குட்டித்தேவதையைப் பிடிக்கிற பிசின் பொம்மையிலும் இதே கதிதான். மரத்தில் செதுக்கிய பொம்மை, உடம்பெல்லாம் பூசிய பால்பிசின், அதன் முன்னால் ஒரு பாத்திரத்தில் மசித்த சேனைவள்ளிக்கிழங்கு, பொம்மையில் கட்டிய ஒரு கயிறு. குட்டித்தேவதை வந்து 'சாப்பிடட்டுமா' என்று கேட்கிறாள். மறைந்திருக்கும் அனான்சே கயிற்றை இழுக்க, பொம்மை தலையாட்டுகிறது. சாப்பிட்டு முடித்து நன்றி சொல்கிறாள். இந்த முறை கயிறு இழுக்கப்படவில்லை, பொம்மை சும்மா இருக்கிறது. நன்றி சொன்னவளுக்கு மறுமொழி இல்லை என்பதுதான் அவள் கோபத்துக்குக் காரணம். கன்னத்தில் அறைகிறாள், கை ஒட்டிக்கொள்கிறது. பிறகு அடுத்த கை, கால்கள் என்று ஒவ்வொன்றாக. இந்தத் திரும்பத் திரும்ப வருகிற அடிகளைச் 'சுருக்கமாக' ஒரே வாக்கியத்தில் முடித்துவிடாதீர்கள். சத்தமாகப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் கூடச்சேர்ந்து சொல்லும் இடம் இது.

இந்தப் பொம்மை எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது தனி வியப்பு. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் சொன்ன முயலண்ணன் கதையில் அது தார் பொம்மை. ஜாவாவில் வெள்ளரித் தோட்டக்காரன் பிசின் பூசி நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மை, அதில் மாட்டிக்கொள்வது சருகுமான். பௌத்தர்களின் பாலி மொழி ஜாதகக் கதைகளில் 55-ஆவதில் ஐந்து ஆயுத இளவரசன் ஒட்டுமயிர் கொண்ட அரக்கனை வலக்கை, இடக்கை, வலக்கால், இடக்கால், கடைசியில் தலை என்று அடித்து ஐந்து இடத்திலும் ஒட்டிக்கொள்கிறான். இவற்றில் எது மூலம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக வாதாடியிருக்கிறார்கள். உங்கள் நூலுக்கு அந்த வழக்கு வேண்டாம். இந்த நான்கையும் ஒரே நூலில் வைத்தாலே போதும், ஒட்டுகிற வரிசையைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 16 பக்கப் படநூலில் தலைப்பு, பதிப்புக் குறிப்பு, கடைசிப் பக்கம் போக 13 பக்கம் மிஞ்சும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மூன்று போனால் பத்து. அனான்சேயின் நான்கு பிடிப்புகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை. குளவிக்கு மூன்றும் பொம்மைக்கு நான்கும் இல்லாமல் தந்திரம் விளங்காது. ஆகவே ஒன்று 24 பக்கமாக்குங்கள், இல்லையென்றால் 16 பக்கத்தில் பொம்மைக் கதையை மட்டும் தனியாகப் போடுங்கள். நான்கையும் அடக்கி ஒவ்வொன்றையும் நசுக்குவதுதான் மோசமான வழி.

வெற்றியும் தோல்வியும் எவ்வளவு நெருக்கமானவை என்று காட்ட, மலாய் சருகுமானையும் ஜப்பானின் இனாபா முயலையும் ஒரே விரிப்பில் எதிரெதிராக வைத்துப் பாருங்கள். சாங் காஞ்சில் என்ற அந்தச் சருகுமான் ஆற்றைக் கடக்கவேண்டும், அக்கரையில் பழம். 'மன்னர் சுலைமான் உங்களையெல்லாம் எண்ணிவரச் சொன்னார்' என்று முதலைகளைக் கரையிலிருந்து கரைவரை வரிசையாகப் படுக்கவைத்து, முதுகின் மேல் துள்ளிக்கொண்டே எண்ணுகிறது. 'சாத்து, டுவா, தீகா லெக்குக், ஜந்தான் பெத்தினா ஆக்கு கெத்தோக்' என்று மலாய்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அது. தமிழில் அதை உரைநடையாக்கிவிடாமல், 'ஒண்ணு ரெண்டு மூணு கொட்டு, ஆணோ பெண்ணோ தலையில் தட்டு' என்பது போலத் தாளத்தோடு தரலாம். எண்ணுவது இங்கே அலங்காரம் இல்லை. எண்ணப்படுகிறவர் அசையக்கூடாது, அதனால்தான் முதலைகள் அசையாமல் கிடக்கின்றன. கரையில் கால் வைத்த பிறகே காஞ்சில் திரும்பி நின்று கேலி செய்கிறது.

கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானின் கோஜிகி என்ற பழைய நூலில் வரும் முயல் செய்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். ஓகி தீவிலிருந்து இனாபா கரைக்கு வரவேண்டும். 'உங்கள் கூட்டம் பெரிதா, எங்கள் கூட்டம் பெரிதா, எண்ணிப் பார்ப்போம்' என்று 'வனி' எனப்படும் கடல்விலங்குகளை வரிசையாகப் படுக்கவைத்துத் தாண்டுகிறது. ஆனால் கரைக்கு ஓர் அடி இருக்கும்போதே, 'ஏமாந்தீர்களா' என்று சொல்லிவிடுகிறது. கடைசியில் கிடந்த வனி அதன் தோலை உரித்துவிடுகிறது. உரிந்த உடம்போடு அழுதுகொண்டிருக்கும் முயலிடம், அந்த வழியாக வந்த இளவரசர்கள் உப்புத் தண்ணீரில் குளித்துக் காற்றில் காயச்சொல்கிறார்கள். தோல் வெடித்து வலி கூடுகிறது. மூட்டை சுமந்துகொண்டு கடைசியாக வந்த தம்பி ஓகுனினுஷிதான் நல்ல தண்ணீரில் கழுவிச் சம்பங்கோரையின் மகரந்தத்தைப் பரப்பி அதில் புரளச்சொல்கிறான். இரண்டு கதைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஓர் அடி தூரம்தான். அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரிகூட எழுதவேண்டாம். படம் வரைபவர் இரண்டு பக்கத்திலும் கரையை ஒரே உயரத்தில் வரைந்தால் போதும்.

காஞ்சிலும் எப்போதும் ஜெயிப்பதில்லை. ஓட்டப்பந்தயத்தில் அது நத்தையிடம் தோற்கிறது. ஆற்றோரம் நெடுக நத்தைகள் ஒளிந்திருந்து, கூப்பிட்ட இடத்திலெல்லாம் 'இதோ இருக்கிறேன்' என்கின்றன. மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் காஞ்சிலைப் பள்ளியிலேயே அறிந்தவர்கள். அவர்களுக்கும் விற்கிற நூலில் முதலைக் கதையை மட்டும் போட்டால், 'நத்தை எங்கே' என்று கேட்கத்தான் செய்வார்கள்.

விலங்குகளின் பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. காஞ்சிலைச் 'சின்ன மான்' என்றோ 'எலிமான்' என்றோ எழுதவேண்டிய தேவையே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதன் உறவுக்காரர் வாழ்கிறார், சருகுமான் என்று பெயரும் இருக்கிறது. கொம்பு கிடையாது. மலாய்ச் சருகுமானின் எடை சுமார் 2 கிலோ, முயல் அளவு. கிடாவுக்கு மேல்தாடையிலிருந்து சின்னக் கோரைப்பல் வெளியே நீளும். கொம்பு வைத்து வரைந்த படத்தில் தந்திரத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது, கொம்புள்ள விலங்கு முட்டலாமே. நம் ஊர்ச் சருகுமானுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும் உண்டு, மலாய்ச் சருகுமானுக்குப் புள்ளி இல்லை, தொண்டையில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும். படத்துக்கு இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பஞ்சதந்திர நரியை ஐரோப்பியச் செந்நரியாக, செம்பட்டை உடம்பும் வெள்ளை வால்நுனியுமாக வரைவது பரவலாக நடக்கிறது. சாயத்தொட்டியில் விழுந்து நீலமாகி அரசனான நரி ஐரோப்பியச் செந்நரி அல்ல. புழுதி நிறமும் கறுத்த வால்நுனியும் கொண்ட நம் வயல்வெளி நரி அது. கூட்டமாக ஊளையிடும் குணம் அதற்குத்தான். மற்ற நரிகள் ஊளையிட்டதும் தன்னை மறந்து தானும் ஊளையிட்டுப் பிடிபடுகிற முடிவுக்கே அந்தக் குணம்தான் ஆதாரம்.

வட அமெரிக்க வடமேற்குக் கரையின் கதைகளில் வரும் பறவையை வெறுமனே காகம் என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது கழுத்து சாம்பல் நிறமான ஊர்க்காகம். அண்டங்காக்கை என்று எழுதுங்கள். லிங்கிட் மக்கள் சொல்லும் கதையில், நாஸ் ஆற்றின் தலைப்பில் ஒரு பெரியவர் நட்சத்திரத்தையும் நிலவையும் பகலையும் பெட்டிகளில் பூட்டிவைத்திருக்கிறார். அண்டங்காக்கை ஊசியிலை ஒன்றாக மாறித் தண்ணீரில் மிதந்து, அவர் மகள் குடிக்கும்போது வயிற்றுக்குள் போய், பேரனாகப் பிறக்கிறது. அழுது அடம்பிடித்து ஒவ்வொரு பெட்டியாக விளையாட வாங்கி, ஒவ்வொன்றாகப் புகைத்துளை வழியே விட்டுவிடுகிறது. கடைசியில் பகலோடு தப்பும்போது அந்தப் புகைத்துளையில் சிக்கி, வெள்ளையாக இருந்த பறவை உடம்பெல்லாம் கறுத்துப்போகிறது என்று பல வடிவங்களில் வரும். உலகத்துக்கு வெளிச்சம் கிடைத்தது, கொண்டுவந்தவனுக்குக் கரி. சாம்பல் கழுத்துக் காகத்தை வைத்து இந்த முடிவைச் சொல்லவே முடியாது.

கொயோட்டிக்குத் தமிழ்ச் சொல் இல்லை. அதை ஓநாய் என்றால் தவறு, அதே கதைகளில் ஓநாய் வேறு ஆளாக வரும். நரி என்றாலும் அதே சிக்கல். 'கொயோட்டி' என்றே எழுதி, முதல் தடவை 'ஓநாயைவிடச் சிறிய புல்வெளிக் காட்டுநாய்' என்று ஒரு தொடர் சேருங்கள். ஜப்பானின் தனுக்கியும் (முகத்தில் கறுப்புத் திட்டுள்ள ஒரு காட்டுநாய்) அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, தமிழில் எழுதுபவருக்கு மட்டுமே வருகிற சிக்கல். சிலந்தி அஃறிணை. 'அனான்சே வந்தது' என்று எழுதுவதா, 'வந்தான்' என்றா? அவனுக்கு ஆசோ என்ற மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது. குவாக்கு என்பது புதன்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு அகான் மக்கள் வைக்கும் பெயர். 'வந்தது' என்று எழுதினால் பாதி ஆள் போய்விடுகிறார். 'வந்தான்' என்றே எழுதுங்கள். எட்டுக் கால் வேலை செய்கிற வரியில் மட்டும் சிலந்தி என்று சொல்லிக்கொள்ளலாம். மரியாதைச் சொற்களும் சும்மா வரவில்லை. காஞ்சிலுக்கு முன்னால் வரும் 'சாங்', அரசர்களுக்கும் பெரியவர்களுக்கும் போடும் அடைமொழி. அமெரிக்க முயலின் பெயரோடு வருவது 'சகோதரர்' என்பதன் பேச்சு வடிவம். கரீபியன் கடலின் குராசோ தீவில் அனான்சே 'கொம்பா நான்சி', பங்காளி நான்சி. நம் பாட்டிமார் 'நரியார்', 'முயலார்' என்று சொல்வதும் இதே கைவரிசைதான். விலங்கின் பெயரோடு ஓர் 'ஆர்' சேர்ந்தால் அதற்குள் மனிதர் வந்துவிடுகிறார். ஆகவே 'முயலண்ணன்', 'சருகுமானார்' என்று எழுதக் கூச்சப்படவேண்டாம். மொழிபெயர்ப்பு மென்மையாக உட்காருவது அங்கேதான்.

எண்ணிக்கையையும் மாற்றாதீர்கள். ஐரோப்பியக் கதைகளில் எதுவும் மூன்று முறை நடக்கும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரின் கதைகளில் நான்கு முறை. தன் கண்களைப் பிடுங்கி மரத்தின் மேல் எறிந்து, கூப்பிட்டதும் திரும்பி வரவைக்கிற வித்தையைக் கொயோட்டி கற்றுக்கொள்கிற கதை அங்கே பல மக்களிடம் உண்டு. சில வடிவங்களில் ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் செய்யாதே என்பது நிபந்தனை. அளவு மீறியதும் கண்கள் மரத்திலேயே தங்கிவிடுகின்றன. நவஹோ மக்கள் சொல்லும் வடிவத்தில், பைன் மரப்பிசினை உருட்டிக் கண்ணாக வைத்துக்கொண்டதால்தான் அதன் கண் மஞ்சள். நான்கை மூன்றாக்கினால் அந்த மக்களின் தாளமே போய்விடும்.

இனி, 'நீதி' என்ற கட்டம். இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பழைய கதை. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவில் பகை மூட்டி எருதைச் சாகவைக்கிறது. தண்டனை எதுவும் இல்லை, அமைச்சர் பதவியோடு முடிகிறது. அந்த நூல் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃப்பாவின் கையால் அரபியில் வந்தபோது, அந்த நரியை (அரபியில் அதன் பெயர் திம்னா) விசாரித்துத் தண்டிக்கிற ஓர் அத்தியாயம் புதிதாகச் சேர்ந்தது. கெட்டவன் தப்பக்கூடாது என்ற கவலை அப்போதே தொடங்கிவிட்டது. பஞ்சதந்திரத்தில் 'நீதி' என்றால் உலகில் பிழைக்கிற வழி, அரசு நடத்துகிற சூழ்ச்சி. 1826-இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து அதைத் தமிழாக்கினார். இன்று தமிழில் அந்தச் சொல்லுக்கு நியாயம், ஒழுக்கம் என்று பொருளாகிவிட்டது. அந்தப் புதிய பொருளை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய நரியின் வாலில் கட்டுகிறோம். அகான் மக்களிடமும் லிங்கிட் மக்களிடமும் இருந்து எடுத்த கதைகளுக்கும் அதே கட்டத்தைப் போடுவது இன்னும் பெரிய பிழை. அனான்சே கதை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'நாங்கள் சொல்லப்போவது உண்மை என்று சொல்லவில்லை, சொல்லவில்லை' என்ற பொருளில் ஒரு வாய்பாடு. முடிவிலும் ஒன்று உண்டு: இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோங்கள், கொஞ்சம் எனக்குத் திரும்பி வரட்டும். 'ஒரு ஊர்ல ஒரு நரி, அத்தோட கதை சரி' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புரியாதா? நீதிக் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த வாய்பாட்டைப் போடுங்கள்.

கொடூரமான இடங்களை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஜப்பானின் 'கச்சி கச்சி மலை' கதையில் தனுக்கி கிழவியைக் கொன்று, கிழவருக்கே சூப்பாக வைத்துக்கொடுக்கிறது. அதற்குப் பழிவாங்க முயல் அதன் முதுகில் இருக்கும் விறகுக்குத் தீ வைக்கிறது, புண்ணில் காரத்தைத் தடவுகிறது, களிமண் படகில் ஏற்றி மூழ்கடிக்கிறது. இன்றைய ஜப்பானியச் சிறார் பதிப்புகள் பலவற்றில் கிழவி அடிபட்டதோடு பிழைத்துவிடுகிறாள். அப்போது முயல் செய்கிற தண்டனை, குற்றத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது, யார் கொடியவர் என்பதே மாறிவிடுகிறது. எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறோம்: ஐந்து வயதுக்கு இது ஆகாது என்றால் இந்தக் கதையைத் தள்ளிவையுங்கள். பத்து வயதுத் தொகுப்பில் முழுசாகப் போடுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதி ஹோ-சங்க் மக்களின் தந்திரன் கதைத்தொடரிலும் பிள்ளைகளுக்குச் சொல்லமுடியாத உடல் விஷயங்கள் ஏராளம். வெட்டித் தைப்பதைவிட, சொல்லக்கூடிய கதையைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை.

உரிமை பற்றியும் கேட்கவேண்டும். 'ஆப்பிரிக்கக் கதை' என்று அட்டையில் போடாதீர்கள், அகான் மக்கள், கானா என்று போடுங்கள். யோருபா மக்களின் ஆமை, ஹவுசா மக்களின் சிலந்தி கிஸோ, மத்திய ஆப்பிரிக்காவின் ஸாண்டே மக்களின் சிலந்தி துரே ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். 'செவ்விந்தியர்' என்ற சொல்லை நிறுத்திவிடலாம். அமெரிக்க அரசு அங்கீகரித்த பூர்வகுடிக் குழுக்கள் மட்டும் 570-க்கும் மேல், அதில் யார் கதை என்று எழுதுங்கள். நவஹோ மக்கள் கொயோட்டிக் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள், முதல் உறைபனிக்கும் வசந்தத்தின் முதல் இடிக்கும் நடுவில். பார் டோல்கன் என்ற நாட்டாரியல் அறிஞர், ஒரு நவஹோ கதைசொல்லியிடம் பல ஆண்டுகளாகப் பதிவு செய்த ஒலிநாடாக்களை 1997-இல் அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு காப்பகத்தில் அவை எந்தப் பருவத்தில் ஒலிக்கும் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது என்பது அதற்கு ஒரு காரணம். அச்சுப்புத்தகத்தைக் குளிர்காலத்தில் மட்டும் திறக்கச்சொல்ல முடியாதுதான். ஆனால் கதையின் தலைப்புக்குக் கீழே இந்த வழக்கத்தை ஒரு வரியில் எழுதலாம், நூலகங்களில் அந்தக் கதையைச் சொல்லும் நிகழ்ச்சியை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளலாம். லிங்கிட் மக்களிடம் சில கதைகளும் பாடல்களும் சின்னங்களும் குறிப்பிட்ட குலத்தின் சொத்து. அந்த மக்களே பொது வாசகருக்கென்று வெளியிட்ட வடிவத்தைத் தேடி அனுமதி வாங்குங்கள். பழைய ஆய்வு நூல் ஒன்று பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டது என்பது சட்டத்துக்குப் போதும், அந்தக் குலத்துக்குப் போதாது.

கடைசியாக, படம் வரைபவருக்குக் கதையை அனுப்பும்போது கூடவே அரைப் பக்கக் குறிப்பு ஒன்று அனுப்புங்கள். விலங்கு எது, வால்நுனி என்ன நிறம், கொம்பு உண்டா இல்லையா, தந்திரத்தின் பாகங்கள் எவை, எந்தப் பக்கத்தில் எது கையில் இருக்கவேண்டும். குறிப்பு இல்லையென்றால் வரைபவர் இயல்பாகத் தோன்றுவதைத்தான் வரைவார். மரமேறுகிறவன் சுமையை முதுகில் கட்டுவதுதான் இயல்பு. அதனால் குடுக்கைக் கதையின் அட்டையில் அனான்சேயின் முதுகில் குடுக்கை ஏறிவிடும், இன்டிகுமாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடும். அடுத்த மறுபதிப்புக்குத் தாள் வாங்குவதற்கு முன் அந்த அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குடுக்கை வயிற்றில் இருக்கவேண்டும்.

அன்புடன்,
நாட்டார் கதைகளை மொழிபெயர்ப்போரும் சொல்வோருமான சிலர்